கடைசிக் குச்சி யாருது?

திரையில் ஒரு திருகு இருந்தது. பழைய ரேடியோவில் இருக்குமே, அதே வடிவம். ஓரத்தில் வெள்ளைக் கோடு, கீழே நிழல், சுற்றியிருந்த பலகையின் நாலு மூலையிலும் நாலு ஸ்குரூ ஆணிகூட வரைந்து வைத்திருந்தார்கள். வட்டமாக இருப்பதை வட்டமாகத்தானே திருக வேண்டும்? மவுசை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, மாவாட்டுகிற மாதிரி மேசையில் சுற்றினேன். திருகு இந்தப் பக்கம் துள்ளியது, அந்தப் பக்கம் துள்ளியது, அருள் வந்த ஆள் போல ஆடிவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து நின்றுகொண்டது. இன்னும் பெரிதாகச் சுற்றினால்தான் மசியும் போலிருக்கிறது என்று முழங்கையை அகட்டி ஒரு சுற்று சுற்றியதில் டீக் கிளாஸ் கீழே போனது.

"வட்டம் போடாத மாப்ள," என்றான் கூட்டாளி. "மேலயும் கீழயும் இழுத்துப் பாரு."

இழுத்தேன். சமத்தாகத் திரும்பியது. வட்டமாக வரைந்து வைத்துவிட்டு நேராக இழுக்கச் சொல்கிறான். இதைச் செய்தவன் மட்டும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆளாக இருந்திருந்தால் வீட்டு வாசலுக்கே போய், "ஏன்டா?" என்று கேட்டிருப்பேன். எங்கேயோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருந்துகொண்டான். தப்பித்தான்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருடம் ஆகியிருந்த சமயம். காளவாசலில் ஒரு பெயிண்டுக் கடைக்கு மேலே எங்கள் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்றால் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், சுவரெல்லாம் முட்டை அட்டை. கம்ப்யூட்டர் கூட்டாளியுடையது. அவன் சௌராஷ்டிரக்காரன், வீட்டில் சுங்குடிச் சேலை வியாபாரம். அந்த வீட்டில் நூல் பிசிறு பறக்காத இடம் கிடையாது. மவுசுக்கு அடியில் ஒரு ரப்பர் பந்து உருளுமே, அதைக் கழற்றினால் உள்ளே ஒரு சேலைக்கான நூல் இருக்கும். கம்ப்யூட்டர் மக்கர் செய்யும்போதெல்லாம் அவன் தன் வீட்டுப் பாஷையில் அதைத் திட்டுவான். அந்தப் பாஷையில் நான் கற்றுக்கொண்டது அந்தத் திட்டுகளை மட்டும்தான். அவை திட்டுகள் என்பது ஒரு நாள் அவன் அம்மா காபி கொடுத்தபோது நன்றி சொல்வதாக நினைத்து நான் ஒன்றை எடுத்துவிட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குக் காபி இல்லை.

நான் ஒரு கச்சேரிக் குழுவில் இரண்டாவது கீபோர்டு. முதல் கீபோர்டுக்காரர் டீ குடிக்கப் போனால் நான் முதல் கீபோர்டு. அவருக்கு டீப் பழக்கம் கிடையாது. ஆகவே, 'இனி எல்லாம் கம்ப்யூட்டர்தான், ஒத்த ஆளே மொத்தக் கச்சேரியும் பண்ணிடலாம்' என்று கூட்டாளி சொன்னபோது எனக்கு அது அசரீரியாகக் கேட்டது. அவன் அண்ணன் முறை ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த ஒரு சிடியில் பாட்டுப் பதிவு செய்கிற சாஃப்ட்வேர் இருந்தது. போட்டோம். திரை முழுக்கத் திருகும் குச்சியும் பொத்தானும் விளக்கும் பூத்தன. விமானத்தில் ஏறி உட்கார்ந்தாயிற்று. பைலட் யார் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆங்கிலப் பெயர்கள் வாயில் தங்கவில்லை. நாங்களே பெயர் வைத்தோம். ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் திரையில் ஒரு நெட்டுக் கோடும் அதில் ஏறி இறங்குகிற ஒரு கட்டையும் இருந்தன. மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே தள்ளினால் குறையும். அது 'குச்சி'. குச்சிக்குத் தலைமேல் ஒரு சின்னத் திருகு. சத்தத்தை இடது ஸ்பீக்கருக்கோ வலது ஸ்பீக்கருக்கோ தள்ளிவிடும். அது 'சாய்வு'. 'எம்' என்று ஒரு பொத்தான்; அமுக்கினால் அந்த ஆளின் வாயை மூடும். பக்கத்தில் 'எஸ்', அமுக்கினால் அந்த ஆளைத் தவிர மற்ற எல்லார் வாயையும் மூடும். சோலோ. இந்த சோலோவுக்கு மட்டும் நாங்கள் பெயர் வைக்கவில்லை. அது எங்களுக்கு ஆப்பு வைத்தது.

ஒரு நாள் காலையில் ஸ்பீக்கரில் சத்தமே வரவில்லை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிச் சவுண்டு கார்டைப் பிடுங்கி ஊதி மாட்டினோம். ஒயரை மாற்றினோம். மவுசைக் கழற்றி நூல் எடுத்தோம், அதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்றாலும் கை சும்மா இருக்க வேண்டாமே. கடைசியில் இரண்டு ஸ்பீக்கரையும் டிவிஎஸ் ஃபிப்டியின் முன்னால் கட்டிக்கொண்டு ரிப்பேர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் தன் டேப்பில் மாட்டினார். கடைக்கு எதிரே நின்ற பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி பாடியது. எங்களையும் அவர் அப்படித்தான் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் கூட்டாளி கண்டுபிடித்தான்: ஒன்றுமே பதிவு செய்யாத ஒரு காலிக் குச்சியில் சோலோ மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதாவது, ஒன்றுமில்லாததை மட்டும் கேட்கலாம், மற்றவரெல்லாம் வாயை மூடுங்கள் என்று நாங்களே உத்தரவு போட்டிருக்கிறோம். முந்தின நாள் சாயங்காலம் அதை அமுக்கியது நான்தான். விளக்கு எரிந்தால் அழகாக இருக்கிறதே என்று அமுக்கினேன்.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்தபோதுதான் அப்பா கெடு வைத்தார்.

அப்பாவுக்குச் செக்கானூரணியில் உரக்கடை. நாங்கள் குடியிருந்தது கோச்சடையில். தினமும் காலையில் அவர் மேற்கே பஸ் ஏறுவார், நான் கிழக்கே காளவாசலுக்கு நடப்பேன். 'ரெண்டு பேரும் ஒரே பக்கம் போனா என்ன?' என்பது அவர் கேள்வி. உரக்கடையில் உட்கார்ந்தால் யூரியா வாசம் சட்டையில் ஏறும், சட்டையிலிருந்து தோலில் ஏறும். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் தள்ளி உட்காருவார். நான் ஒரு கலைஞன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சரி, மாசிச் சிவராத்திரிக்கு நம் குலசாமி கோயிலில் பாட ஒரு கேசட்டுப் போட்டுக் கொடு என்றார். பங்காளிகள் எல்லாரும் கேட்டு ஒத்துக்கொண்டால் உன் கலை உன்னோடு. கேசட்டு வரவில்லை என்றாலோ, வந்து சண்டை கிளம்பினாலோ, பங்குனி பிறந்ததும் உரக்கடைக் கல்லா உன்னோடு.

கேசட்டு வராமல் போவதுகூடப் பரவாயில்லை. சண்டை கிளம்பாமல் எங்கள் பங்காளிகள் கூடியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் சாமிக்கு மூன்று வீடு: மூத்த வீடு, நடு வீடு, கடைசி வீடு. சிவராத்திரிக்குச் சாமியின் நகையும் துணியும் இருக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று வீட்டாரும் கோயிலுக்கு நடப்பார்கள். யார் முன்னால் நடப்பது, யார் வலது பக்கம் நடப்பது, யாருக்கு முதல் திருநீறு என்பதற்கெல்லாம் முறை உண்டு. முறை உண்டு என்பதில் மூன்று வீட்டாருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. என்ன முறை என்பதில்தான். திருநீறு கொடுத்த தட்டு சற்றுச் சாய்வாக நீண்டுவிட்டதால் ஒரு வருடம் இரண்டு வீட்டார் ஒருவர் வீட்டுக் காதுகுத்துக்கு மற்றவர் போகவில்லை.

கேசட்டுக்கு மூன்று வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவர் என்று முடிவானது. மூத்த வீட்டுப் பெரியப்பா வர்ணிப்புப் பாடுவார். சாமி எந்தக் காடு கடந்து எந்த ஊருக்கு வந்தது என்று தொடங்கினால் சாமிக்கே கால் வலிக்கும் வரை பாடக்கூடியவர். நடு வீட்டுச் சித்தப்பா உடுக்கை. கடைசி வீட்டுக்குச் சங்கு. ஊதுகிறவர் என் அப்பா. அதாவது, கெடு வைத்தவர், தீர்ப்புச் சொல்பவர், சங்கு ஊதுபவர் மூவரும் ஒருவரே. சங்கு உனக்கா சாமிக்கா என்று கூட்டாளி கேட்டான்.

பதிவுக்கு மூவரும் வேட்டி சட்டையோடு, நெற்றியில் பட்டையோடு வந்தார்கள். முட்டை அட்டைச் சுவரைப் பார்த்த பெரியப்பா, கோழிப் பண்ணையில் எல்லாம் சாமி பாட்டுப் பாட முடியாது என்று வாசலிலேயே நின்றார். எதிரொலி வராமல் இருப்பதற்காக ஒட்டியது, முட்டை எப்போதோ தின்றாயிற்று என்று விளக்கி உட்கார வைத்தோம். தாளம் தப்பாமல் இருக்க கம்ப்யூட்டர் 'டிக் டிக்' என்று எண்ணிக்கொண்டிருக்கும். அதை ஹெட்போனில் கொடுத்தேன். பெரியப்பா நாலு டிக் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இதை நிப்பாட்டு. சாமி கடியாரம் பாத்தா வரும்?"

நிறுத்தினேன். நான் அரும்பாடுபட்டுக் கற்றிருந்த பொத்தான்களில் பாதி அந்த ஒரு கேள்வியில் காலாவதியானது.

அப்புறம் விளக்கு. ஒவ்வொரு குச்சிக்கும் பக்கத்தில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற பச்சை விளக்கு ஏறி இறங்கும். அளவு மீறினால் உச்சியில் சிவப்பு எரியும். சிவப்பு எரிந்தால் சத்தம் கிழிகிறது, அது கூடாது என்பது இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் சிவப்பு எரிய நிறையச் சத்தம் வேண்டும் என்பதுதான். பெரியப்பா பாடினார், பச்சை. சித்தப்பா உடுக்கை அடித்தார். பச்சை, கொஞ்சம் மஞ்சள். அப்பா சங்கை எடுத்து ஓர் ஊது ஊதினார். சிவப்பு எரிந்தது மட்டுமல்ல, அணையவே இல்லை. கீழே பெயிண்டுக் கடைக்காரர் மாடி ஏறி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"கடேசி வீட்டுக்கு மட்டும் செவப்பு எரியுது போல," என்றார் அப்பா, யாரையும் பார்க்காமல்.

அவ்வளவுதான். சிவப்பு வாங்காமல் ஊருக்குத் திரும்புவதில்லை என்று மற்ற இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பெரியப்பா மைக்கை ஐஸ்கிரீம் மாதிரி வாய்க்குள் வாங்கிக்கொண்டு பாடினார். சித்தப்பா உடுக்கையை மைக்கின்மேலேயே சாய்த்துக்கொண்டு அடித்தார். சிவப்பு வந்ததும் எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நானும் சும்மா இல்லை. மூத்த வீட்டுக்குச் சிவப்பு வந்ததும் கைதட்டினேன். கூட்டாளிதான் அன்று சாயங்காலம் போட்டுக் கேட்டுவிட்டு, 'மாப்ள, மூணு பேரும் தகரக் கொட்டாயிக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு' என்றான். எல்லாரையும் மறுபடி வரவழைத்து, சிவப்பு எரியும் இடத்தில் ஒரு சாமி ஸ்டிக்கரை ஒட்டி மறைத்துவிட்டு, திரும்பவும் பதிவு செய்தோம்.

இனி எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகச் சேர்த்து அளவு பார்க்க வேண்டும். அதற்கு அவர்கள் தேவையில்லை. ஆனால், 'எங்க வீட்டுச் சத்தத்த எங்களுக்குத் தெரியாம என்னடா பண்ணப் போறீங்க?' என்று மூவரும் வந்து, எனக்குப் பின்னால் மூன்று நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். கலியாணத்தில் சமையல்காரனுக்குப் பின்னால் உட்காருவதுபோல.

திரையில் நாலு குச்சிகள். முதல் குச்சி பெரியப்பாவின் குரல், இரண்டாவது சித்தப்பாவின் உடுக்கை, மூன்றாவது அப்பாவின் சங்கு. நாலாவது, மொத்தச் சத்தத்துக்கான குச்சி. அந்த மூன்றும் இதன் வழியாகத்தான் வெளியே வரும். சங்கு இயல்பிலேயே பெரிய சத்தம். எனவே அதன் குச்சியைப் பாதிக்கும் கீழே இறக்கி வைத்திருந்தேன். காதுக்கு மூன்றும் சமமாக இருந்தன. அவர்கள் காதால் கேட்கவில்லை.

"அந்தக் கீழ கெடக்குற குச்சி யாருது?" என்றார் அப்பா.

கூட்டாளி சட்டென்று மவுசைக் கவிழ்த்து நூல் எடுக்கத் தொடங்கினான்.

"சங்குதான அது? பெத்த அப்பன் குச்சிய மண்டியிட வச்சிருக்கான் பாருங்கண்ணே," என்று பெரியப்பாவிடம் முறையிட்டார். பெரியப்பாவோ, கடைசி வீடு கடைசியில் இருப்பதுதானே முறை என்று நியாயம் சொன்னார். சித்தப்பா தன் குச்சிக்கும் பெரியப்பாவின் குச்சிக்கும் நடுவே விரல் வைத்து அளந்துகொண்டிருந்தார். உரக்கடை என் கண்முன்னால் வந்து நின்றது. மூட்டைகள், தராசு, வாசம்.

மூவரையும் கீழே பருத்திப்பால் குடித்துவிட்டு வரும்படி அனுப்பி வைத்தேன். தொண்டைக்கு நல்லது என்றேன். அவர்கள் மாடிப்படி இறங்கியதும் நானும் கூட்டாளியும் திரையின் மீது பாய்ந்தோம். அதுவரை பயந்து தொடாமல் இருந்த மூலை முடுக்கையெல்லாம் தட்டினோம். என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக எதையும் கற்றதில்லை. ஒரு பொத்தானை அமுக்கியதும் இன்னொரு சின்னப் பக்கம் திறந்தது; அதில் ஒரு திருகு. குச்சிக்குச் சத்தம் வந்து சேர்வதற்கு முன்பே அதைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய திருகு. (மேலும் கீழுமாக இழுக்க வேண்டியது. இந்தத் தடவை டீ தப்பித்தது.) சங்கை அங்கேயே இறக்கிவிட்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அப்பாவின் குச்சியை மற்ற இரண்டுக்கும் சரிசமமாகத் தூக்கி வைத்தேன். சத்தம் அதேதான். குச்சி மட்டும் நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

பருத்திப்பால் மீசையோடு திரும்பி வந்தவர்கள் மூன்று குச்சியும் ஒரே கோட்டில் நிற்பதைப் பார்த்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை; அது அவர் ஊரில் பாராட்டு. ஆனால் பெரியப்பா முன்னால் குனிந்தார்.

"இந்தா, இந்தக் கடைசிக் குச்சி யாருது? எங்க மூணு பேருக்கும் மேல நிக்குது?"

மொத்தச் சத்தத்துக் குச்சி. அது வலது ஓரத்தில், எல்லாவற்றையும் விடத் தடிமனாக, எல்லாவற்றையும் விட உயரத்தில் நின்றது. என்ன சொல்வது? 'மாஸ்டர்' என்று சொன்னால் எவன் அவன் என்று கேட்பார்கள். நாலாவது வீடு ஒன்று முளைத்துவிட்டதாகப் பேச்சாகிவிடும்.

"அது சாமி," என்றேன்.

பெரியப்பா செருப்பைக் கழற்றிக் கதவோரம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மற்ற இருவரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு அவர்களும் போய்க் கழற்றினார்கள். கூட்டாளி, அவனுக்கு எங்கள் சாமி எந்த உறவும் இல்லை, திரைக்கு மேலே ஒரு திருநீற்றுக் கீற்று இழுத்துவிட்டான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, பாட்டை ஓடவிடும் வரை. மூவரும் சேர்ந்து ஒலித்ததும் அளவு மீறி, சாமிக் குச்சியின் உச்சியில் சிவப்பு எரிந்தது. அங்கே ஸ்டிக்கர் ஒட்ட மறந்திருந்தேன். சாமிக் குச்சியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். அதைப் பிடிக்க மவுசை நகர்த்தினேன்.

"கைய எடுரா," என்றார் சித்தப்பா. "சாமியவே எறக்கப் போறியா?"

"சாமி கண்ணு செவக்குதப்பா," என்றார் பெரியப்பா. குரல் இறங்கிவிட்டது. "நம்ம மூணு பேர்ல யாரு மேலயோ கோவம்."

சிவப்பு வேண்டுமென்று அன்று போராடியவர்கள் இன்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு ஒரு வழி தெரிந்தது, ஆனால் அதற்கான பொத்தான் தெரியவில்லை. மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இறங்கினால் சாமி சாந்தமாகிவிடும் என்றேன். ஒரே நேரத்தில் என்றால் உண்மையாகவே ஒரே நேரத்திலா, ஒருத்தர் முந்தி ஒருத்தர் பிந்தி இல்லையே என்று அப்பா கேட்டார். இல்லவே இல்லை என்று சொல்லிவிட்டு, அது எப்படி முடியும் என்று கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானாகப் பிடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தேன். ஒரு பொத்தானைப் பிடித்தபடி மூன்று குச்சியையும் தொட்டுவிட்டு ஒன்றை இழுத்தால் மூன்றும் கைகோத்துக்கொண்டு இறங்கின. பெட்டி தூக்குகிற ஆட்கள் குனிகிற மாதிரி. சிவப்பு அணைந்தது. மூவரும் மூச்சு விட்டார்கள்.

மிச்சம் இருந்தது சாய்வு. குரலை நடுவில் வைத்தேன். மூத்த வீடு நடுவில் இருப்பதில் யாருக்கும் வழக்கில்லை. உடுக்கையை வலது ஸ்பீக்கருக்கும் சங்கை இடது ஸ்பீக்கருக்கும் தள்ளியிருந்தேன். தள்ளினால்தான் இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். அப்பா இடது ஸ்பீக்கரைப் பார்த்தார். எழுந்து போய் அதன்மேல் காதை வைத்தார்.

"என்னையப் பீச்சாங்கைப் பக்கமா வச்சிருக்க?"

சாமிக்கு வலது பக்கம் நிற்பது யார் என்பது அவர்கள் அப்பன் பாட்டன் காலத்து வழக்கு. அதைக் காளவாசல் மாடியில் வைத்து நான் தீர்க்க முடியாது. கூட்டாளி ஹெட்போனை எடுத்தான். பழைய ஹெட்போன்; இடது வலது என்று போட்டிருந்த எழுத்து எல்லாம் அழிந்து போயிருந்தது. ஸ்பீக்கரை நம்பாதீங்க ஐயா, ஸ்பீக்கர் பொய் சொல்லும், இதுல கேளுங்க என்று முதலில் சித்தப்பாவுக்கு மாட்டினான். உடுக்கை அவருடைய வலது காதில் பேசியது. தலையாட்டினார். அப்பாவிடம் போகும்போது ஹெட்போன் கூட்டாளியின் கையிலேயே ஒரு திரும்பு திரும்பியது. சங்கு அப்பாவின் வலது காதில் முழங்கியது. அவரும் தலையாட்டினார். இருவரும் தான்தான் வலது என்று ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

அந்தப் பாட்டைக் கேசட்டில் ஏற்றினோம்.

சிவராத்திரி அன்று பொழுது சாயப் பெட்டி வெளியே வர வேண்டும்; வரும்போது கேசட்டு பாட வேண்டும். சவுண்டு சர்வீஸ்காரர் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். எங்கள் டேப்பிலிருந்து இரண்டு ஒயர் வரும்: ஒன்றின் முனையில் சிவப்புப் பின், மற்றதில் வெள்ளைப் பின். வலது பக்கச் சத்தம் சிவப்பில், இடது பக்கச் சத்தம் வெள்ளையில். அவருடைய ஆம்ப்ளிபயரில் துளை ஒன்றுதான். இன்னொரு துளை என்ன ஆச்சு என்றேன். போன சித்திரையில் அதில் ஓணான் புகுந்துவிட்டது என்றார். வெள்ளைப் பின்னை எடுத்துச் சொருகினார்.

பெட்டி கிளம்பியது. குழாயில் பெரியப்பாவின் குரல் எழுந்தது. அடுத்து சங்கு, ஊரே அதிர்கிற மாதிரி. பெட்டிக்குப் பக்கத்தில் நடந்த அப்பாவின் தோள் விரிந்தது. மறுபக்கம் நடந்த சித்தப்பா தலையைச் சாய்த்து மரத்தையே பார்த்தார். உடுக்கை இல்லை. இருக்காது; அது சிவப்புப் பின்னுக்குள் அடைபட்டுக் கிடந்தது. சித்தப்பா நின்றுவிட்டார். அவர் நின்றதும் நடு வீட்டார் எல்லாரும் நின்றார்கள். பெட்டி தயங்கியது.

உரக்கடை எனக்கு இரண்டடி தூரத்தில் நின்றது. வெள்ளையைப் பிடுங்கிச் சிவப்பைச் சொருகினேன். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு உடுக்கை கிளம்பியது பாருங்கள். சித்தப்பா காலை எடுத்து வைத்தார். இப்போது சங்கைக் காணோம், அப்பா திரும்பிப் பார்த்தார். சிவப்பைப் பிடுங்கி வெள்ளை. டப். சங்கு. சித்தப்பா திரும்பினார். வெள்ளையைப் பிடுங்கிச் சிவப்பு. டப். உடுக்கை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு முறை பிடுங்கினேன், ஒரு முறை சொருகினேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே ஒரு கணக்குப் பிடிபட்டது: பெரியப்பா மூச்சு வாங்குகிற இடத்தில் மாற்றினால் சங்கு கேள்வி கேட்கிற மாதிரியும் உடுக்கை பதில் சொல்கிற மாதிரியும் இருந்தது. அந்த 'டப்' வேட்டுப் போடுகிற மாதிரி இருந்தது. சவுண்டு சர்வீஸ்காரர் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, எனக்கு ஸ்டூல் போட்டார்.

பாதி வழியில், சாமியாடிக் குறி சொல்கிற கோடாங்கிக்கு அருள் வந்துவிட்டது. வழக்கமாகக் கோயில் வாசலில்தான் வரும். ஒரு சங்குக்கு இந்தப் பக்கம் ஆடினார், ஒரு டப்புக்குத் துள்ளினார், உடுக்கைக்கு அந்தப் பக்கம் ஆடினார். நான் அன்று திரையில் சுற்றிய திருகைப் போலவே ஆடினார்.

பெட்டி கோயிலுக்குள் போன பிறகு மூவரும் புளியமரத்தடிக்கு வந்தார்கள். என் இரண்டு விரலும் ஷாக் வாங்கி மரத்துப் போயிருந்தன. அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

"அன்னிக்கு மாடியில கேட்டப்ப இப்பிடி இல்லையே," என்றார் பெரியப்பா.

"இல்ல பெரியப்பா."

"ஒருத்தர் பேசுறப்ப ஒருத்தர் சும்மா இருக்காங்க."

"ஆமா பெரியப்பா."

அவர் மற்ற இருவர் பக்கமும் திரும்பினார். "நம்ம வகையறாவுல இது நடந்ததே இல்லடா," என்றார். "அடுத்த வருசமும் இப்பிடியே போடு."

மறுநாள் வீட்டில் சாப்பிடும்போது அப்பா, உரக்கடைக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பையனைச் சொல்லி வைத்திருப்பதாக அம்மாவிடம் சொன்னார். ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், உரக்கடைக்கு ஆட்டோவில் போட ஒரு விளம்பரக் கேசட்டு வேண்டும் என்றார். முதலில் சங்கு, அப்புறம் யூரியா, பொட்டாஷ் எல்லாம் கிடைக்கும் என்று அறிவிப்பு, திரும்பவும் சங்கு. அறிவிப்பும் அவரே பேசுவார். எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்த முதல் வெளி வேலை அதுதான், என் வீட்டிலிருந்து வந்ததை வெளி என்று சொல்லலாம் என்றால்.

பதிவு முடிந்து அளவு பார்க்க உட்கார்ந்தோம். அப்பா இந்தத் தடவை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். ஓரத்தில் ஆளில்லாத ஒரு காலிக் குச்சியை விட்டால், திரையில் இரண்டே குச்சிகள். சங்கும் பேச்சும் சேர்ந்த ஒன்று, பக்கத்தில் சாமிக் குச்சி. இரண்டும் ஒரே உயரத்தில். பங்காளி இல்லை, மூத்த வீடு இல்லை, நடு வீடு இல்லை. இதற்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தாரோ என்று நினைத்துக்கொண்டு பதிவை ஓடவிட்டேன். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். இரண்டு குச்சியையும் மாறி மாறிப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"என்னைய ஒரு நூல் கீழ எறக்குப்பா," என்றார் மெதுவாக. "சாமிக்குச் சமமா நிக்கப்புடாது."

இறக்கினேன். ஒரு நூல்.

"இன்னும் ஒரு நூல்."

இறக்கினேன். அவர் கண்ணை மூடித் திருப்தியாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். இதமாக, கச்சிதமாக, எல்லாம் பொருந்தி இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. பின்னால் டீயோடு வந்து நின்ற கூட்டாளி எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் காதோரம் குனிந்தான்.

"மாப்ள, சத்தமே வரல. சோலோவ எடு."